வெளக்கெண்ணெய் முதல் சிந்தெடிக் வரை - ஒரு ரீபோர் புராணம்

"ஏல, சிலிண்டரப் பாரு. மொகம் பாத்து தல சீவலாம் போலருக்கு. இதப் பாத்து சந்தோசப்படாத, அழு."

போன ஆடி மாசம் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு பட்டறையில் நின்னுக்கிட்டு இந்தத் திட்டை வாங்கினேன். திட்டினவர் அண்ணாச்சி. வயசு எழுபதைத் தாண்டியாச்சு. பஸ் எஞ்சினோடயே முப்பது வருசம் குடும்பம் நடத்திட்டு, ரிட்டயர் ஆன பிறகு பட்டறை போட்டவர். அவர் கையில் இருந்தது எங்கப்பாவோட புல்லட் சிலிண்டர். உள்பக்கம் நிஜமாவே கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு. நான் அதைப் பெருமையா வேற பார்த்துக்கிட்டு நின்னேன். (அவ்வ்வ்வ்...)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க மக்களே.

வண்டி 1986 மாடல், 350 சிசி, பழைய வார்ப்பிரும்பு எஞ்சின். அப்பா அதுல போகாத இடம் இல்ல. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, பாபநாசம்னு ஆத்தோரமா இருக்கிற எல்லா ஊரும் அதுக்கு மனப்பாடம். அப்புறம் எட்டு வருசம் தொழுவத்தில் சாக்குக்குள்ள கிடந்தது. நான் படிச்சது மெக்கானிக்கல், பார்க்கிற பொழப்பு ஜாவா. ஏதோ ஒரு குற்ற உணர்ச்சியில வண்டிக்கு உயிர் குடுக்கலாம்னு அண்ணாச்சிகிட்ட கொண்டுபோய் விட்டேன். சிலிண்டரை ரீபோர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங் எல்லாம் போட்டுக் குடுத்தார். குடுக்கும்போதே சொன்னார்: "சாதா மினரல் ஆயில், 20டபிள்யூ-50 ஊத்து. அம்பது கிலோமீட்டர்ல வடிச்சிரு. ரொம்பப் பொத்திப் பொத்தி ஓட்டாத."

நான் கேட்டேனா? ராத்திரி முழுக்க உட்கார்ந்து படிச்சதுல, மினரல்ங்கிறது கற்காலம், சிந்தெடிக்தான் அமிர்தம்னு முடிவு பண்ணிட்டேன். வண்டிக்கு நல்லது செய்யுறதா நினைச்சு, மூணு மடங்கு விலைக்கு ஒரு முழு சிந்தெடிக் வாங்கி ஊத்தினேன். அப்புறம் 800 கிலோமீட்டர், பச்சப்புள்ளயத் தூக்கிட்டுப் போற மாதிரி, நாப்பதைத் தாண்டாம ஓட்டினேன்.

விளைவு? சைலன்சர்ல நீலப் புகை. எண்ணெய் மட்டம் வாரா வாரம் இறங்குது. அப்பா வாசல்ல நின்னு பார்த்துட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "நான் ஓட்டுனப்ப புகை விட்டதில்ல."

அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் போச்சு. அண்ணாச்சி ஏன் மினரல்னு சொன்னார்? அந்த விதி எங்கிருந்து வந்தது? இன்னிக்கும் அது செல்லுமா? தோண்டித் தோண்டிப் பார்த்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

*

முதல்ல மாட்டு வண்டியில இருந்து ஆரம்பிக்கலாம்.

எங்க தாத்தா காலத்துல வண்டிச் சக்கரத்துக்கு மை போடுவாங்க. வைக்கோலைக் கருக்கி, அந்தக் கரியில வெளக்கெண்ணெய் விட்டுக் குழைச்சா வண்டி மை ரெடி. அதுக்குத்தான் மசகுன்னு பேர். இன்னிக்குப் பாடப் புத்தகத்துல லூப்ரிகன்ட்டுக்கு 'மசகு எண்ணெய்'னு எழுதுறோமே, அந்த மசகு நேரா வண்டிச் சக்கரத்துல இருந்து இறங்கி வந்த வார்த்தை.

நம்ம ஊர்ல ஒண்ணுக்கும் உதவாதவனை 'போடா வெளக்கெண்ண'ம்போம். ஆனா எஞ்சின் சரித்திரத்துல அது பெரிய ஆள். ஆமணக்கு எண்ணெயில் உள்ள முக்கியமான சமாச்சாரம் ரிசினோலிக் அமிலம். அதன் மூலக்கூறு இரும்பு மேல ஒட்டிக்கிற குணம் உள்ளது. சூட்டிலும் படலம் சீக்கிரம் கிழியாது. இங்கிலாந்தில் சார்ல்ஸ் வேக்ஃபீல்ட் என்பவர் 1899ல் எண்ணெய்க் கம்பெனி ஆரம்பிச்சார். 1909ல் தன்னோட மோட்டார் எண்ணெய்க்கு ஆமணக்கு சேர்த்து, ஆமணக்கோட ஆங்கிலப் பேரான கேஸ்டரையே கொஞ்சம் மாத்தி 'கேஸ்ட்ரால்'னு பேர் வச்சார். நம்ம பாட்டி வயித்தாலே போறதுக்குக் குடுத்த அதே கேஸ்டர் ஆயில்தான்.

முதல் உலகப் போர் விமானங்கள்ல நோம் போன்ற ரோட்டரி எஞ்சின் இருந்தது. அதுல பெட்ரோல் கலவை கிராங்க் கேஸ் வழியாத்தான் போகும். சாதாரண எண்ணெய்னா பெட்ரோல்ல கரைஞ்சு காணாமப் போயிடும். ஆமணக்கெண்ணெய் பெட்ரோலோட அவ்வளவு சுலபமா கலக்காது. அதனால அதைத்தான் ஊத்தினாங்க. எரியாத எண்ணெய் அப்படியே வெளிய தெறிக்கும். ஓட்டுறவர் மூஞ்சி, மூக்கு எல்லாம் வெளக்கெண்ணெய்ப் புகை. தரையிறங்கினதும் அவர் எங்க ஓடியிருப்பார்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஹி ஹி.

ஆனா அதுக்கு ஒரு பெரிய குறை உண்டு. நாளாக நாளாகப் பிசின் மாதிரி கெட்டிப்பட்டு எஞ்சினுக்குள்ள அப்பிக்கும். பந்தயத்துக்குச் சரி, தினமும் ஆபீசுக்குப் போற வண்டிக்குச் சரிப்படாது. அதனால மண்ணுக்கடியில் இருந்து வந்த எண்ணெய் அந்த இடத்தைப் பிடிச்சுது. அதுதான் மினரல் ஆயில்.

நம்ம பக்கம் இந்த மண்ணெண்ணெய் வம்சம் வந்தது பர்மாவில் இருந்து. பர்மா ஆயில் கம்பெனி 1886ல் உருவாச்சு. பிறகு 1928ல் ஷெல்லோட சேர்ந்து இந்தியாவில் பர்மா ஷெல். விளக்குக்கு சீமெண்ணெய், வண்டிக்கு பெட்ரோல், எஞ்சினுக்கு மசகு எண்ணெய்னு எல்லாம் அந்த வழியிலதான் வந்து சேர்ந்துது.

*

எண்ணெய் வந்தாச்சு, வண்டி யார் கொண்டுவந்தா?

இங்கதான் திருநெல்வேலிக்காரன் காலரைத் தூக்கி விட்டுக்கணும். டி.வி.சுந்தரம் ஐயங்கார் பிறந்தது 1877ல், நம்ம திருக்குறுங்குடியில். அவர் மதுரையில் 1911ல் தொடங்கினதுதான் டிவிஎஸ். இரண்டாம் உலகப் போர்ல பெட்ரோல் தட்டுப்பாடு வந்தப்ப கரியை எரிச்சு வர்ற வாயுவில் பஸ் ஓட்டுறதுக்குக் கருவியே செஞ்சு வித்தாங்க அவங்க.

இன்னொருத்தர் எஸ்.அனந்தராமகிருஷ்ணன். ஆழ்வார்குறிச்சிக்காரர். அந்த ஊர்ப் பக்கமா ஓடுற கடனா நதி, திருப்புடைமருதூர்ல தாமிரபரணியில் போய்ச் சேருது. மெட்ராஸ் சிம்ப்சன் கம்பெனிக்குத் தலைமை ஏத்து, அமால்கமேஷன்ஸ் குழுமத்தைக் கட்டினவர் இவர்தான். அந்தக் குழுமத்துல 1949ல் ஆரம்பிச்சதுதான் இந்தியா பிஸ்டன்ஸ். பிஸ்டனும் ரிங்கும் கப்பல்ல வரணும்னு இருந்த நாட்டுல, அதை மெட்ராஸ்லயே செய்ய ஆரம்பிச்சாங்க. நான் இந்தப் பதிவு முழுக்கப் புலம்புற பிஸ்டன் ரிங் சமாச்சாரத்துக்கு எங்க ஆத்தங்கரையில ஒரு வேர் இருக்குன்னு தெரிஞ்சப்ப கொஞ்சம் சிரிப்பு வந்துச்சு.

அடுத்து புல்லட். 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச்ல இருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவை ஆரம்பிச்சாங்க. தொழிற்சாலை திருவொற்றியூர்ல. முதல்ல பாகங்களைக் கொண்டுவந்து பூட்டினாங்க. 1960களின் தொடக்கத்துல எல்லாமே இங்க தயாராச்சு. ரெட்டிச் தொழிற்சாலை 1967ல் மூடியாச்சு. ஆனா அந்த எஞ்சின் இங்க உயிரோட இருந்துது. எழுபது மில்லிமீட்டர் போர், தொண்ணூறு மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், இரும்புச் சிலிண்டர்னு அதே எலும்புக்கூடு பல பத்து வருசம் ஓடுச்சு.

திருவொற்றியூருக்குப் பக்கத்து ஊர் மணலி. அங்க 1969ல் மெட்ராஸ் ரிஃபைனரி ஓட ஆரம்பிச்சது. பெட்ரோல், டீசலோட மசகு எண்ணெய்க்கான அடி எண்ணெயும் அங்க தயாராச்சு. கச்சா எண்ணெயைப் பிரிச்சு, கரைப்பான் வச்சு வேண்டாததைக் கழுவி, மெழுகை எடுத்துட்டா கிடைக்கிறதுதான் அந்த அடி எண்ணெய். இன்னிக்குக் கணக்குப்படி 'குரூப் ஒண்ணு'. எஞ்சின் ஒரு ஊர்ல, எண்ணெய் பக்கத்து ஊர்ல. பொருத்தம் பார்த்துக் கட்டி வச்ச மாதிரி!

*

சரி, விஷயத்துக்கு வருவோம். ரன்னிங்-இன்னா என்ன? ஏன் புது எஞ்சினை அப்படித் தாங்கினாங்க?

ரீபோர் பண்ணும்போது சிலிண்டரைக் கடைஞ்சு பெரிசாக்குறாங்க. கடைசியா கல்லை உள்ள விட்டுச் சுத்தி 'ஹோனிங்' பண்ணுவாங்க. அப்ப சுவர்ல குறுக்கும் நெடுக்குமாக் கீறல் விழும். நம்ம பத்தமடைப் பாயை உத்துப் பாருங்க, கிட்டத்தட்ட அந்த மாதிரி ஒரு பின்னல். அந்தப் பள்ளத்துலதான் எண்ணெய் தங்கும். ஆனா ரெண்டு பள்ளத்துக்கு நடுவுல மேடு கூர்மையா இருக்கும். புது ரிங்கும் அந்தச் சுவருக்கு இன்னும் சரியாப் பொருந்தியிருக்காது.

ரெண்டும் உரசி, கூர் மழுங்கி, ரிங் சுவரோட அச்சு அசலாப் பொருந்தணும். அதைத்தான் மெக்கானிக் பாஷையில் 'ரிங் செட் ஆகுறது'ம்பாங்க. செட் ஆனாத்தான் மேல எரியுற வாயு கீழ இறங்காது, கீழ இருக்கிற எண்ணெய் மேல ஏறாது.

இதுல ரொம்பப் பேருக்குத் தெரியாத (எனக்கும் தெரியாம இருந்த) ஒண்ணு இருக்கு. ரிங்கைச் சுவரோட அழுத்துறது அதோட ஸ்பிரிங் குணம் மட்டும் இல்ல. எரியுற வாயு மேல் ரிங்கின் பின்பக்கம் புகுந்து, அதை வெளிய தள்ளுது. அழுத்தம் அங்கதான் கிடைக்குது. ஆக்சிலேட்டரை முறுக்கினா அழுத்தம் அதிகம். பொத்திப் பொத்தி ஓட்டினா அழுத்தம் கம்மி. கம்மியா இருந்தா மேடு தேயாது. எண்ணெய் சுவர்லயே தங்கி, சூட்டுல கருகி, வார்னிஷ் மாதிரிப் படிஞ்சு, பள்ளத்தை எல்லாம் மூடிடும். அப்ப சிலிண்டர் பளபளன்னு கண்ணாடி மாதிரி ஆயிடும்.

ஆமா. முகம் பார்த்து தலை சீவலாம்னு அண்ணாச்சி சொன்னாரே, அதேதான்.

பழைய காலத்துல இந்தத் தேய்மானம் நிறையவே நடக்க வேண்டியிருந்தது. கடைசல் இயந்திரங்கள் அவ்வளவு நுணுக்கம் இல்ல. அதனால முதல் 500 மைலுக்கு வேகக் கட்டுப்பாடு போட்டாங்க. இங்கிலாந்துல புதுக் கார் வாங்கினவங்க பின் கண்ணாடியில் 'ரன்னிங் இன், ப்ளீஸ் பாஸ்'னு எழுதி ஒட்டிக்கிட்டுப் போவாங்களாம். முதல் சில நூறு மைலுக்கு எண்ணெயோட சேர்க்கிறதுக்குன்னே நுண்ணிய கிராஃபைட் கலவை டப்பாவுல வித்தாங்க. அமெரிக்காவின் எட்வர்ட் அச்சிசன் இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல செஞ்ச சரக்கு அது. கிராஃபைட்னா கரியோட ஒரு வடிவம்தானே! எங்க தாத்தாவோட வைக்கோல் கரி கிராஃபைட் இல்லதான், ஆனா யோசனை ஒரே பக்கம் போயிருக்கு பாருங்க.

எண்ணெய் விஷயத்துல விதி எளிமையா இருந்தது: தேய வேண்டிய நேரத்துல தேய விடு. அதனால ஒண்ணும் கலக்காத வெறும் மினரல் எண்ணெய் ஊத்து. செட் ஆன பிறகு நல்லதை ஊத்து.

இந்த விதி இன்னிக்கும் எழுத்துலயே இருக்கிற இடம் ஒண்ணு உண்டு. விமானம்! லைகமிங் கம்பெனியோட சின்ன விமான பிஸ்டன் எஞ்சின்களுக்கு, புதுசா ஓவர்ஹால் பண்ணினா முதல் 50 மணி நேரம், இல்ல எண்ணெய்ச் செலவு ஒரு நிலைக்கு வர்ற வரைக்கும், வெறும் மினரல் எண்ணெய்தான் ஊத்தணும்னு சொல்லியிருக்காங்க. ஆனா அதே கம்பெனி தன்னோட டர்போ எஞ்சின்களுக்கு, முதல் நாளே அழுக்கைக் கரைக்கிற வேதிப்பொருள் கலந்த எண்ணெய்தான்னு சொல்லுது. ஒரே கம்பெனி, ரெண்டு விதி. எஞ்சினைப் பொறுத்து எண்ணெய்.

*

இனி நம்ம கதாநாயகன் சிந்தெடிக். (இல்ல வில்லனா?)

1929லயே அமெரிக்காவுல இண்டியானா ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி செயற்கையா எண்ணெய் செஞ்சு பார்த்துது. மண்ணெண்ணெய் சல்லிசாக் கிடைக்கும்போது இதை யார் வாங்குவா? வியாபாரம் படுத்துடுச்சு. அப்புறம் ஜெர்மனி. கச்சா எண்ணெய் கைவசம் இல்லாத நாடு, ரஷ்யக் குளிர்ல எண்ணெய் உறைஞ்சு போற சங்கடம். ரெண்டும் சேர்ந்து அவங்களைச் செயற்கை எண்ணெய் பக்கம் தள்ளுச்சு. போருக்கு அப்புறம் ஜெட் எஞ்சின் வந்துது. அந்தச் சூட்டுக்கும் மேல பறக்கிற குளிருக்கும் மினரல் எண்ணெய் தாங்காது. எஸ்டர் எண்ணெய்கள் அங்க குடியேறிடுச்சு.

சாமானியன் கார் வரைக்கும் அது வந்தது 1970களில்தான். 1972ல் அம்சாயில், 1974ல் மொபில் ஒன். நம்ம ஊர்ல 1990களின் தொடக்கத்துல மசகு எண்ணெய்ச் சந்தையைத் திறந்து விட்ட பிறகுதான் வெளிநாட்டு டின் எல்லாம் கடைகள்ல வரிசையா நிக்க ஆரம்பிச்சுது.

'சிந்தெடிக் ரொம்ப வழுக்கும், அதுல ரிங் செட்டே ஆகாது'ங்கிற பேச்சும் கூடவே வந்துது. உண்மையா?

1992ல் கார்வெட் கார் தொழிற்சாலையை விட்டு வெளிய வரும்போதே உள்ள மொபில் ஒன் ஊத்தி அனுப்ப ஆரம்பிச்சாங்க. புத்தம் புது எஞ்சின், முதல் நாளே சிந்தெடிக். ரிங் எல்லாம் ஒழுங்காத்தான் செட் ஆச்சு. அப்ப 'செட்டே ஆகாது'ங்கிறது தப்பு.

எப்படி முடிஞ்சுது? ரகசியம் எண்ணெய்ல இல்ல, சிலிண்டர்ல இருக்கு. தொழிற்சாலைகள்ல 'பிளாட்டோ ஹோனிங்'னு ஒண்ணு வந்துடுச்சு. முதல்ல முரட்டுக் கல்லால பள்ளம் போட்டுட்டு, அப்புறம் நைஸ் கல்லால மேட்டோட கூரை மட்டும் சீவிடுவாங்க. பள்ளம் பள்ளமாவே இருக்கும், மேடு சமதளமாயிடும். அந்தக் காலத்துல 500 மைல் ஓடித் தேய வேண்டியதை, தொழிற்சாலையிலயே கொஞ்ச நேரத்துல முடிச்சு அனுப்புறாங்க. ரிங்கும் அதுக்கேத்த மாதிரி நுணுக்கமா வருது. அங்க எந்த எண்ணெய் ஊத்தினாலும் கல்யாணம் நடந்துடும்.

வண்ணார்பேட்டை லேத்ல? ஒரு கல், ஒரு டிரில், ஒரு அனுபவக் கை. மேட்டைச் சீவுற ரெண்டாவது கட்டம் பல இடத்துல கிடையாது. அதாவது என் சிலிண்டர் கடையப்பட்டது இன்னிக்கு, ஆனா அதோட சுவர் 1960 மாடல். அதுக்குப் பொருந்துற விதியும் 1960 விதிதான். அண்ணாச்சி அதைத்தான் சொன்னார், காரணம் சொல்லலை, அவ்வளவுதான். நான் கார்வெட்டுக்கு எழுதின விதியைத் தொழுவத்துல கிடந்த புல்லட்டுக்குப் போட்டேன்.

*

இன்னும் ஒரு வேடிக்கை இருக்கு. சண்டை போடுற ரெண்டு பேரும் பேரை மட்டும் வச்சுக்கிட்டு ஆள் மாறிட்டாங்க.

சிந்தெடிக்னா முன்னாடி வேதியியல் முறையில ஒண்ணொண்ணாக் கட்டின மூலக்கூறு. அப்புறம் கச்சா எண்ணெயையே கடுமையான சூட்டுலயும் ஹைட்ரஜன் அழுத்தத்துலயும் போட்டு உருமாத்தி 'குரூப் மூணு'ன்னு ஒரு எண்ணெய் வந்துது. அதை சிந்தெடிக்னு விக்கலாமான்னு அமெரிக்காவுல மொபிலும் கேஸ்ட்ராலும் மோதினாங்க. 1999ல் விளம்பரத் தகராறைத் தீர்க்கிற அமைப்பு 'விக்கலாம்'னு சொல்லிடுச்சு. இன்னிக்கு சிந்தெடிக்னு எழுதின டின்னுல பலதும் அந்தக் கச்சா எண்ணெயோட வாரிசுதான்.

மினரல் மட்டும் என்ன வாழுது? விமானக்காரங்க சொல்ற மினரல் வெறும் எண்ணெய். நம்ம கடையில விக்கிற மினரல் 20டபிள்யூ-50ல அழுக்கு நீக்கி, நுரை தடுப்பி, துத்தநாகம் எல்லாம் கலந்திருக்கு. அந்தத் துத்தநாகக் கூட்டுப்பொருளுக்குச் சுருக்கமா இசட்டிடிபி. 1940களின் தொடக்கத்துல பேரிங் அரிக்காம இருக்கக் கலந்தாங்க. அப்புறம்தான் அது தேய்மானத்தையும் தடுக்குதுன்னு தெரிஞ்சுது. உலோகம் உலோகத்தோட உரசுற இடத்துல சூட்டுல ஒரு மெல்லிய படலமாப் படிஞ்சு காப்பாத்தும். தேய்மானத்தைக் கூட்டுறதும் குறைக்கிறதும் அடி எண்ணெயை விட இந்த மாதிரிக் கலவைதான் அதிகம். அதனால 'மினரல் வழுக்காது, சிந்தெடிக் வழுக்கும்'ங்கிறது பாதி உண்மை கூட இல்ல.

புல்லட்காரங்களுக்கு இதுல ஒரு குறிப்பு. பழைய புல்லட் கேமும் அதன் மேல உரசுற டாப்பெட்டும் தட்டையா உரசுற வகை. அதுக்குத் துத்தநாகம் கட்டாயம் வேணும். துத்தநாகத்தோட சேர்ந்து வர்ற பாஸ்பரஸ் காரோட புகை வடிகட்டியைக் கெடுக்குதுன்னு, 2004ல் வந்த ஏபிஐ எஸ்எம் தரத்துல அதை 0.08 சதவீதத்துக்குக் குறைச்சாங்க. ஆனா அந்தக் கட்டுப்பாடு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 மாதிரி மெல்லிசு எண்ணெய்க்குத்தான். 20டபிள்யூ-50க்கு இல்ல. சோ, 'எது விலை அதிகமோ அது நல்லது'ன்னு காருக்கு விக்கிற மெல்லிசு சிந்தெடிக்கைத் தூக்கிட்டு வந்து பழைய புல்லட்ல ஊத்திடாதீங்க.

*

அப்ப என் வண்டி புகை விட்டதுக்கு சிந்தெடிக்தான் காரணமா?

இங்க நான் நேர்மையா இருக்கணும். தெரியாது. நான் ஒரே நேரத்துல ரெண்டு விஷயத்தை மாத்திட்டேன். எண்ணெயையும் மாத்தினேன், ஓட்டுற விதத்தையும் மாத்தினேன். ஆபீஸ்ல யாராவது ரெண்டு மாற்றத்தை ஒண்ணா உள்ள தள்ளிட்டு 'இதுலதான் பக்'னு சொன்னா நானே சிரிப்பேன். என் கணிப்பு, முக்கால்வாசி குத்தம் என் நாப்பது கிலோமீட்டர் வேகம். மிச்சம்தான் எண்ணெய்.

அண்ணாச்சிகிட்ட இந்த ஆராய்ச்சியை எல்லாம் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "அதெல்லாம் சரிடே. மொதல்ல ஊத்துற எண்ணெய் முழுக்க இரும்புத் தூளு. அம்பது கிலோமீட்டர்ல கீழ கொட்டப் போற. கொட்டுற எண்ணெய்க்கு எவனாவது ரெண்டாயிரம் குடுப்பானா?"ன்னார்.

இவ்வளவு படிச்சதுல எனக்குத் தோணாத, இருக்கிறதுலயே வலுவான காரணம் இதுதான். இந்தப் பழைய எஞ்சின்ல ஃபெல்ட் துணி ஃபில்டர். தேயுற ஒவ்வொரு துகளும் எண்ணெய்லதான் மிதக்கும். அதை வெளிய எடுக்க ஒரே வழி, சீக்கிரம் சீக்கிரமா வடிக்கிறது. விலை அதிகமான எண்ணெயை வடிக்க மனசு வராது. நானும் வடிக்கலையே! 800 கிலோமீட்டரும் அதே எண்ணெய்லதானே ஓட்டினேன்.

சிலிண்டரை மறுபடி லேசா ஹோன் பண்ணி, புது ரிங் போட்டார். இந்தத் தடவை சொன்னதைக் கேட்டேன். மினரல் 20டபிள்யூ-50. காலையில வண்ணார்பேட்டையில கிளம்பி, பேட்டை, சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியா பாபநாசம் வரைக்கும். ஒரே வேகத்துல போகாம, கொஞ்சம் முறுக்கி அறுபது வரைக்கும் ஏத்தி, விட்டு இறக்கி, மறுபடி முறுக்கி. எஞ்சினைத் திணற விடல, அலற விடல. நடுவுல ரெண்டு இடத்துல நிறுத்தி ஆற விட்டேன். பாபநாசத்துல வடிச்சப்ப எண்ணெய் வெள்ளிப் பொடி தூவின மாதிரி மினுக்கிச்சு. அடுத்து 500ல ஒரு தடவை, 1000ல ஒரு தடவை. மூணாவது தடவை மினுக்கு இல்ல.

இப்ப 3000 கிலோமீட்டர் ஆச்சு. எண்ணெய் மட்டம் இறங்கல. புகையும் இல்ல.

போன மாசம் அப்பாவைப் பின்னாடி உக்கார வச்சு பாபநாசம் போனேன். கல்லிடைக்குறிச்சி தாண்டினதும் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். என்னமோ ஏதோன்னு நிறுத்தினா, "நீ பின்னால ஏறு"ன்னுட்டு அவர் சாவியை வாங்கிக்கிட்டார். கொஞ்ச தூரம் போனதும் ஒருமுறை திரும்பி சைலன்சரைப் பார்த்தார். ஒண்ணும் சொல்லல. எனக்கு அது போதும்.

வாசிச்சவங்கள்ல யாராவது ரீபோர் பண்ணி முதல் நாளே சிந்தெடிக் ஊத்தி நல்லா ஓடுதுன்னா, எங்க கடைஞ்சீங்க, எப்படி ஹோன் பண்ணினாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. எண்ணெய் பிராண்டை விட அந்தத் தகவல்தான் அடுத்தவனுக்குப் பிரயோஜனம்.

டிஸ்கி: 'இனிமேலாவது சிந்தெடிக் ஊத்தலாமா அண்ணாச்சி?'ன்னு கேட்டேன். "ஊத்து, ஒண்ணும் ஆகாது. ஆனா வண்டி ஒன்ன கேட்டுச்சால?"ன்னார். இன்னும் மினரல்தான் ஓடுது.